ஹகரம்: விடுதலும் சேர்த்தலும்

தில்லி மயூர் விஹாரில் வாழும் தமிழர் தம் முகவரியை 'விஹார்' என்றும் 'விகார்' என்றும் எழுதுவர். பின்னது 'விகாரம்' என்பதை நினைவூட்டுமென மறுப்போர் உளர். உயிரிடைக் ககரம் பேச்சில் பெரும்பாலும் உரசொலியாகவே ஒலிப்பதால் இம்மறுப்பு கண்ணுக்குரியதேயன்றிச் செவிக்குரியதன்று.

சிக்கல் மொழிமுதலில்தான் எழுகிறது. வடசொல் ஹகரம் முதலில் அகரமாகவும் இடையில் ககரமாகவும் திரியுமென நன்னூல் பதவியல் வகுத்தது. அரன், அனுமன், மகிமை ஆகியன அவ்வாறு அமைந்தவை. இம்மரபில் வந்த நாமே ஆங்கிலத்தின் எட்டாம் எழுத்தை 'ஹெச்' என்கிறோம், இதழ்கள் 'ஹெச்.ஐ.வி.' என்றும் அச்சிடுகின்றன. ஆங்கில அகராதிகள் முதலிடம் தரும் பெயரிலோ ஹகரமே இல்லை. பழைய பிரெஞ்சுவழி வந்த அப்பெயர் 'எய்ச்' என்றே ஒலிக்கும்.

என் மாணவர் ஒருவர் நேர்முகத் தேர்வில் 'எச்' என்றார். 'ஹெச்' எனத் திருத்தப்பட்டார். தமிழ் நா ஹகரத்தை விழுங்கிவிடும் என்னும் கூச்சம், அஃது இல்லாத இடத்திலும் அதனைச் சேர்க்கத் தூண்டியது போலும். இது மிகைத்திருத்தம் என்பது என் கருத்து. 'ஹெச்' பிழையென்று நான் கூறவில்லை. அயர்லாந்தில் ஹகரமுடைய பெயர் பெருவழக்கு. வட அயர்லாந்தில் அவ்வொலிப்பைக் கொண்டே ஒருவர் கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா என ஊகிப்பாருமுண்டு. வழக்காக அதனை ஏற்கலாம். அதனைக் கொண்டு 'எச்' என்பாரைத் திருத்துதற்கு இலக்கணச் சான்றோ அகராதிச் சான்றோ இல்லை.