சிரிப்புத் துணுக்கும் செலவுக் கணக்கும்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஆனால் அறிவியலையும் தொழிலையும் பற்றி மக்கள் மிகுதியாகப் படிப்பதும், படித்ததை அடுத்தவரிடம் சொல்வதும், ஆண்டுக்கணக்கில் மறக்காமல் வைத்திருப்பதும் எது என்று பார்த்தால், அது புத்தகமும் அன்று, கட்டுரையும் அன்று. நான்கு வரித் துணுக்கு. முன்பெல்லாம் வார இதழ்களில் பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்தை அது நிரப்பியது. இப்போது கைப்பேசியில் வந்து சேருகிறது. புதிய கருவி ஒன்று விற்பனைக்கு வந்தாலும், பெரிய நிறுவனம் ஒன்று நஷ்டக் கணக்குக் காட்டினாலும், ராக்கெட் ஒன்று கடலில் விழுந்தாலும், மறுநாள் காலை தேநீர்க் கடையில் அதைப் பற்றிய துணுக்கு தயாராக இருக்கும்.

சிரித்துவிட்டு மறக்கும் சங்கதிக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்கலாம். மறப்பதில்லை என்பதுதான் சங்கதி. துணுக்கு என்பது உண்மையில் ஒரு தீர்ப்பு. யார் புத்திசாலி, யார் முட்டாள், யாருடைய பணம் வீணாயிற்று என்று அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. சாட்சியம் மட்டும் கேட்பதில்லை. ஆகவே, எல்லோருக்கும் தெரிந்த சில துணுக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் சாட்சியத்தைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில், மிகப் புகழ் பெற்ற ஒன்று. விண்வெளிக்குச் சென்ற அமெரிக்கர்களுக்கு அங்கே பேனா எழுதவில்லையாம். பல ஆண்டுகள் ஆராய்ந்து, கோடிக்கணக்கான டாலரைக் கொட்டி, தலைகீழாகப் பிடித்தாலும் எழுதும் பேனா ஒன்றைச் செய்தார்களாம். ரஷ்யர்கள் என்ன செய்தார்கள்? பென்சிலை எடுத்துக்கொண்டு போனார்களாம்.

கதை என்ற முறையில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய செலவு, பெரிய கருவி, பிறகு ஒரு பென்சில். ஓரணா அறிவு கோடி ரூபாய் அறிவை வென்றுவிடுகிறது. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு செய்தியும் தவறான இடத்தில் இருக்கிறது.

தொடக்கத்தில் அமெரிக்கர்களும் பென்சிலைத்தான் கொண்டு சென்றார்கள். 1965-ஆம் ஆண்டில் நாசா, ஜெமினி பயணங்களுக்கென 34 இயந்திரப் பென்சில்களை ஹூஸ்டன் நகரத்து நிறுவனம் ஒன்றிடம் வாங்கியது. விலை, பென்சில் ஒன்றுக்கு 128 டாலர் 89 சென்ட். அமெரிக்காவில் இது பெரிய சர்ச்சையாயிற்று. இவ்வளவு விலைக்குப் பென்சிலா என்று பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்விதான். வீண் செலவு என்று சிரிக்க வேண்டுமானால் இந்தப் பென்சிலைப் பார்த்துத்தான் சிரித்திருக்க வேண்டும். துணுக்கோ பென்சிலைச் சிக்கனத்தின் சின்னமாக்கிவிட்டது!

பேனாவைச் செய்தது நாசா அன்று. பால் ஃபிஷர் என்ற பேனாத் தயாரிப்பாளர் தம் கம்பெனியின் சொந்தப் பணத்தில், ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவிட்டு அதை உருவாக்கினார். காப்புரிமையும் அவருடையதே. நாசா அதைச் சோதித்துப் பார்த்து, ஏறத்தாழ 400 பேனாக்களை, ஒன்றுக்குச் சில டாலர் வீதம் வாங்கியது. 1968-இல் அப்பல்லோ 7 பயணத்தில் அது விண்வெளிக்குச் சென்றது. 1969-இல் சோவியத் நாடும் இதே பேனாக்கள் நூறும், மைக்குழல்கள் ஆயிரமும் வாங்கியது. பென்சிலால் வென்றதாகச் சொல்லப்படும் ரஷ்யர்கள் பேனாக் கடைக்கு வந்துவிட்டார்கள்.

ஏன் வந்தார்கள்? பென்சிலின் கூர் ஒடியும். கிராஃபைட் தூள் உதிரும். பூமியில் அது மேசையில் விழும், ஊதினால் போய்விடும். எடையற்ற நிலையிலோ அது விழாது. காற்றில் மிதந்து கண்ணிலும் மூக்கிலும் போகும், கருவிகளுக்குள்ளும் நுழையும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பது மாணவர்கள் அறிந்ததே. மின்னணுக் கருவிகளின் நடுவே கடத்தும் தூள் மிதப்பது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. மரமோ எரியும் பொருள். 1967 ஜனவரி 27 அன்று, தரையில் நடந்த ஒத்திகையின்போது, தூய ஆக்சிஜன் நிரப்பிய அப்பல்லோ 1 கூண்டுக்குள் தீப்பிடித்து கிரிஸம், ஒயிட், சாஃபி என்ற மூன்று வீரர்கள் மாண்டார்கள். அதன் பிறகு கூண்டுக்குள் எது எரியும், எது எரியாது என்று ஒவ்வொரு பொருளையும் ஆராய்ந்தார்கள். ரஷ்யர்கள் பயன்படுத்தியதும் பெரும்பாலும் நம் பள்ளிக்கூடத்துப் பென்சில் அன்று, மெழுகுப் பென்சில்.

ஃபிஷரின் பேனாவில் மைக்குழல் மூடப்பட்டது. உள்ளே அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு மையை முனைக்குத் தள்ளும். மையும் கூழ் போன்றது. முனையிலுள்ள குண்டு உருளும்போது மட்டும் இளகும். குலுக்கும் வரை பாட்டிலை விட்டு இறங்காத தக்காளிச் சாஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையில் உண்மையான வேடிக்கை ஒன்று உண்டு. துணுக்கு எழுதியவருக்கு அது தெரியவில்லை. 2003-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ஸ்பெயின் நாட்டு வீரர் பெத்ரோ துக்கே, சாதாரணப் பந்துமுனைப் பேனாவாலேயே அங்கு எழுதினார். நன்றாகவே எழுதியது. பேனாவைத் தலைகீழாகப் பிடித்தால் பூமியில் எழுதாததற்குக் காரணம், ஈர்ப்பு விசை மையை முனையிலிருந்து பின்னோக்கி இழுப்பதாகும். எடையற்ற நிலையில் பின்னோக்கி இழுக்க எதுவும் இல்லை. குண்டில் ஒட்டிய மை வந்துகொண்டே இருக்கிறது. ஃபிஷரின் பேனா கடுங்குளிரிலும் வெப்பத்திலும் எழுதும் என்பது வேறு விஷயம். நாசாவின் பயணத்தால் அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த விளம்பரம் பேனா விற்ற பணத்தைவிடப் பெரியது. இன்றும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அரசாங்கத்தின் முட்டாள்தனம் என்று நாம் சிரித்தது, உண்மையில் ஒரு வியாபாரியின் சாமர்த்தியம்.

இதே இனத்தைச் சேர்ந்தது இன்னொன்று. உலகத்துக்கு ஐந்து கணிப்பொறிகள் போதும் என்று ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் 1943-இல் சொன்னாராம். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. இருந்தும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. பெரிய மனிதர் தவறிவிட்டார் என்பதில் நமக்கு ஒரு திருப்தி.

எல்லாத் துணுக்குகளும் இப்படி என்று சொல்வது அநியாயம். அச்சுப்பொறி பற்றிய துணுக்கை எடுத்துக்கொள்வோம். மை தீர்ந்துவிட்டது என்று கடைக்குப் போனவர், மைக்கூட்டின் விலையைக் கேட்டுவிட்டுப் புதிய அச்சுப்பொறியே வாங்கி வந்தாராம். இது தேறுகிறது. பொறியை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் எடுப்பது அந்தத் தொழிலின் நெடுநாளைய முறை. (புதிய பொறியுடன் வரும் மைக்கூடு பல சமயம் அரைகுறையாக நிரப்பப்பட்டது, ஆகவே துணுக்கின் நாயகர் முழு லாபம் அடைந்திருக்க மாட்டார்.) வேறு கம்பெனியின் மைக்கூட்டைப் பொறி ஏற்காதபடி சிறு சில்லு வைத்தார்கள். தீர்ந்த மைக்கூட்டைப் பிறர் நிரப்பி விற்பதைத் தடுக்க லெக்ஸ்மார்க் நிறுவனம் காப்புரிமையைக் காட்டி வழக்காடியது. ஒரு முறை விற்றுவிட்ட பொருளின் மீது காப்புரிமையைக் கொண்டு கட்டுப்பாடு செலுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. ஆசியாவில் வாடிக்கையாளர்கள் நீதிமன்றத்துக்குக் காத்திருக்கவில்லை. ஊசியால் மை நிரப்பினார்கள். வெளியே புட்டி வைத்துக் குழாய் இழுத்தார்கள். கடைசியில் எப்சன் நிறுவனமே 2010-இல் இந்தோனேசியாவில் மைத்தொட்டி வைத்த பொறியை விற்கத் தொடங்கியது. பிறகு அது நம் நாட்டுக்கும் வந்தது. துணுக்கில் இருந்த முணுமுணுப்பு நியாயமானது. லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அது சரியான இடத்தைக் காட்டியது. பேனாத் துணுக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்: இதைச் சொன்னவர் விலைச்சீட்டைப் பார்த்திருக்கிறார்.

இனி, நகைச்சுவையால் கேடு விளையக்கூடிய ஒன்றுக்கு வருவோம். 'ஒய்-டூ-கே' என்று உலகமே நடுங்கியதே, 2000 ஜனவரி முதல் நாள் என்ன நடந்தது? ஒன்றும் இல்லை. கணிப்பொறிக்காரர்கள் பயங்காட்டிப் பணம் பறித்துவிட்டார்கள் என்பது அன்று தொடங்கிய கேலி, இன்னும் ஓயவில்லை.

பிரச்சினை எளிமையானது. நினைவகத்தின் விலை மிக உயர்வாக இருந்த காலத்தில், 80 எழுத்துகளே கொள்ளும் துளை அட்டைகளில் விவரம் பதிந்த காலத்தில், ஆண்டை இரண்டு இலக்கத்தால் எழுதினார்கள். 1965 என்பது 65 ஆயிற்று. 1999-இல் ஒருவருடைய வயதைக் கணக்கிட 99-இலிருந்து 65-ஐக் கழித்தால் 34. மறு ஆண்டு 00-விலிருந்து 65-ஐக் கழித்தால்? வயது, வட்டி, ஓய்வூதியம், காலாவதித் தேதி எல்லாம் இந்தக் கழித்தலை நம்பியிருந்தன. எந்த நிரலில் எந்த வரியில் இது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வரியாகப் படித்துத் திருத்த வேண்டும். கோபால் என்ற பழைய கணிப்பொறி மொழியில் எழுதப்பட்ட கோடிக்கணக்கான வரிகள். சென்னை, பெங்களூர், மும்பை நகரங்களில் இளைஞர்கள் பல்லாயிரம் பேர் இந்த வேலையைச் செய்தார்கள். நம் மென்பொருள் ஏற்றுமதி வளர இது ஒரு முக்கியப் படியாக அமைந்தது. அதில் சாகசம் ஒன்றும் இல்லை. அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. உலகம் முழுவதற்கும் ஆன செலவு 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை இருக்கும் என்று கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருந்தது.

ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியன்று. நியூயார்க் மாநிலத்தில் வீடியோ படம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்த வாடிக்கையாளருக்கு, நூறு ஆண்டு தாமதக் கட்டணமாக 91,250 டாலர் என்று கணிப்பொறி சீட்டு அச்சிட்டது. நாளுக்கு இரண்டரை டாலர் வீதம் நீங்களே பெருக்கிப் பாருங்கள், தொகை அப்படியே வரும். கடைக்காரரும் சிரித்தார், வாடிக்கையாளரும் சிரித்தார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் யாரும் சிரிக்கவில்லை. கருவுற்ற பெண்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் அபாயம் எவ்வளவு என்று கணிக்கும் மருத்துவமனைக் கணிப்பொறி, 2000-இன் முதல் மாதங்களில் தாயின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. அந்தக் கணிப்பில் தாயின் வயது முக்கியமான எண். 150-க்கு மேற்பட்ட பெண்களுக்குத் தவறான முடிவு சொல்லப்பட்டது. அபாயம் அதிகமாக இருந்தும் இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். 2001-இல் வெளியான விசாரணை அறிக்கை இதை உறுதிப்படுத்தியது. காரணம் அதே கழித்தல்தான். திருத்தப்படாமல் விடுபட்ட ஒரு நிரல் இவ்வளவு செய்தது என்றால், திருத்தப்பட்டவை எல்லாம் திருத்தப்படாமல் இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கேலி செய்தவர்கள் பக்கமும் ஒரு நல்ல வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இத்தாலி போன்ற நாடுகள் குறைவாகவே செலவிட்டன. அங்கும் பெரிய விபரீதம் இல்லை. ஆகவே பிறருடைய செலவு வீண்தானே? ஓரளவு வீண்தான். புதிய கணிப்பொறி வாங்க ஆசைப்பட்ட அலுவலகங்கள் இதைச் சாக்காகக் கொண்டன. விமானங்கள் வானிலிருந்து விழும் என்று எழுதிய பத்திரிகைகளும் கேலிக்கு உரியவையே. ஆனால் வங்கி மென்பொருளோ இயக்க மென்பொருளோ ஓரிடத்தில் திருத்தப்பட்டால், அதை வாங்கிப் பயன்படுத்தும் எல்லா நாடுகளுக்கும் திருத்தம் போய்ச் சேரும். இத்தாலி பிறர் சமைத்த சோற்றில் கொஞ்சம் உண்டது என்பதே என் கணிப்பு.

ஓசோன் ஓட்டைக்கும் இதே கதி. அது என்னவாயிற்று, காணோமே என்று கேட்கிறார்கள். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்புக் குப்பியிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டதால் ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது. நோய் தணிந்தபின் மருந்து எதற்கு என்று கேட்பது போன்ற கேலி.

பேனாத் துணுக்கால் யாருக்கும் நஷ்டமில்லை. நாசா அதைத் தாங்கிக்கொள்ளும். வரும் முன் காப்பவரைப் பார்த்துச் சிரிப்பதில்தான் செலவு இருக்கிறது. விபத்து நடக்காமல் செய்தவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆண்டுக் கணக்கு பார்க்கும் அதிகாரிக்கு முன்னால் அவர் வெறுங்கையோடு நிற்கிறார். "போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினீர்கள்" என்று ஒரு வாக்கியம் போதும், பணம் கிடைக்காது.

அந்த வாக்கியத்தை மறுபடி கேட்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. பல கணிப்பொறிகள் காலத்தை 1970 ஜனவரி 1 முதல் நொடி நொடியாக எண்ணி, 32 இரும இலக்கங்களில் எழுதி வைக்கின்றன. குறி ஒன்று போக, அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பும். அடுத்த நொடியில், திருத்தப்படாத கணிப்பொறிக்கு அது 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். 64 இலக்கங்களுக்கு மாறிய பொறிகளுக்குக் கவலையில்லை. இன்றைய மேசைக் கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் மாறிவிட்டன. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும், மின்னளவிகளிலும், நீரேற்றும் நிலையங்களிலும் ஒரு முறை பொருத்தியபின் இருபது முப்பது ஆண்டுகள் யாரும் திறந்து பார்க்காத சிறு கணிப்பொறிகள் இருக்கின்றன. அவற்றில் எது எந்த முறையில் எண்ணுகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.