ஒரே கட்டை விரல், இரண்டு தீர்ப்புகள்

ரயில்வே பாதுகாப்புப் படையின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் 2018-ல், உயரதிகாரி ஒருவர் கொலை செய்யப்பட்ட செய்தி வந்தது. அதன்கீழ் காவலர் ஒருவர் உயர்த்திய கட்டை விரல் எமோஜியைப் போட்டார். கொலையைக் கொண்டாடுகிறார் என்று அவரை வேலையைவிட்டே நீக்கினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2024-ல் இரு நீதிபதிகள் அமர்வு, அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்ன தீர்ப்பை உறுதி செய்தது. அந்த விரல் 'செய்தியைப் பார்த்துவிட்டேன்' என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம், அதைக் கொண்டாட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது நீதிமன்றம் கண்ட முடிவு.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அதே விரல் ஒருவரின் பணப்பையைக் காலி செய்தது. 2021 மார்ச்சில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யக் கேட்டது. பதிலாக வந்தது கட்டை விரல். சொன்ன மாதத்தில் சரக்கு வரவில்லை. அதற்குள் சந்தையில் விலை ஏறியிருந்தது. 'ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன், ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை' என்று வாதாடினார் விவசாயி. 2023-ல் நீதிமன்றம் அந்த விரலைக் கையெழுத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு, சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

பார்த்தீர்களா, நாட்டுக்கு நாடு பொருள் மாறுகிறது என்று இதை வைத்துப் பேசிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கனடா நீதிபதி பார்த்தது அந்த இருவருக்கும் இடையிலான பழைய கொடுக்கல் வாங்கலை. அதே விவசாயி முன்பும் 'ஓகே' என்று ஒற்றை வார்த்தையில் பதில் அனுப்பிவிட்டு, சொன்னபடி சரக்கையும் கொடுத்திருக்கிறார். அதனால் இந்த விரலும் அந்த 'ஓகே'க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எமோஜிக்குப் பொருள் தருவது யாருக்கு யார், எந்தப் பழக்கத்தில் அனுப்புகிறார் என்பதுதான்.

நாட்டுப் பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவரவில்லை. பிறப்பிலேயே எமோஜிகள் ஜப்பானியப் படங்கள். 1999-ல் டோகோமோ நிறுவனத்தின் கைபேசிச் சேவைக்காக ஷிகேதகா குரிதா உருவாக்கிய 176 சின்னங்களுக்கு இன்றைய வரிசை வளர்ந்ததில் முக்கியப் பங்கு உண்டு. மூக்கில் குமிழி தொங்கும் முகம் அங்கே தூக்கம். மங்கா படக்கதை படித்து வளர்ந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. நம் ஆட்கள் அதைச் சளி என்றோ அழுகை என்றோ படிக்கிறார்கள். மூக்கிலிருந்து ஆவி விடும் முகத்துக்கு, எழுத்துக்குறிகளுக்கு உலகத் தரம் வகுக்கும் யூனிகோடு அமைப்பு தந்த பெயர் வெற்றிப் பெருமிதம். உலகம் அதைக் கோபத்துக்குப் பயன்படுத்துகிறது. 2010-ல் யூனிகோடு இவற்றை உலகத் தரமாக ஏற்றபோது படங்கள் கடல் தாண்டின, படிக்கும் பழக்கம் கூடவே வரவில்லை. ஜப்பானியர்கள் உணர்ச்சியைக் கண்ணில் தேடுகிறார்கள், அமெரிக்கர்கள் வாயில் தேடுகிறார்கள் என்று 2007-ல் வந்த மசாகி யூகி குழுவினரின் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது.

ஆனால் சீனாவுக்கு வந்தால் இந்த நாட்டு வரைபடம் கிழிந்துவிடுகிறது. லேசாகப் புன்னகைக்கும் முகத்தை அங்கே இளைஞர்கள் ஏளனமாக, 'உன்னோடு பேச ஒன்றுமில்லை' என்கிற தோரணையில் அனுப்புகிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் அதே முகத்தை நல்ல மனதோடு அனுப்புகிறார்கள். இருவரும் ஒரே வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

நம் குடும்பக் குழுக்களிலும் இதுதான் நடக்கிறது. பெரியப்பாவுக்கு 'சரி' என்று எழுதினால் மொட்டையாக இருக்கும், 'சரிங்க பெரியப்பா' என்று எழுத வேண்டும். கட்டை விரலில் 'ங்க' கிடையாது. அனுப்புகிற பிள்ளைக்கு அது வசதி. வாங்குகிற பெரியவருக்கு அது குறை. அந்தக் குறையை நிரப்பத்தான் கூப்பிய கைகள் இருக்கின்றன. அமெரிக்கர் பலருக்கு அது பிரார்த்தனை. ஜப்பானியருக்கு நன்றி அல்லது 'தயவுசெய்து'. நாம் அதை வணக்கத்துக்கும் நன்றிக்கும் மன்னிப்புக்கும் அஞ்சலிக்கும் ஒருசேரப் போடுகிறோம். இப்படி ஒரே படம் நான்கு வேலை பார்ப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. நமக்கே உரிய பொருள்களும் உண்டு. கறுப்பு இதயமும் சிவப்பு இதயமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கட்சிக்கொடி என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர் காதல் முறிவு என்று நினைத்தால் நாம் என்ன செய்ய முடியும்? (இரங்கல் செய்திக்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தைப் போடும் மாமாக்கள் தனி ரகம். அங்கே பிரச்சினை பண்பாடு அல்ல, மூக்குக் கண்ணாடி.)

எழுத்துக்குக் குரல் இல்லை என்பதை மறக்கக் கூடாது. 'எங்க இருக்க?' என்று மனைவி அனுப்புவது அக்கறையா, விசாரணையா? கூடவே வரும் ஒரு முகம் அதைத் தீர்த்துவைக்கிறது. இந்த வேலையை முற்றுப்புள்ளியும் வியப்புக்குறியும் இத்தனை லேசாகச் செய்ததில்லை.

ஆனால் அந்த முகத்தையும் முழுதாக நம்ப முடியாது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் சோதித்தபோது, அச்சு அசலாக ஒரே படத்தைப் பார்த்தவர்களே, அது நல்ல உணர்ச்சியா, கெட்ட உணர்ச்சியா, இரண்டுமில்லாத நடுநிலையா என்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு தடவை முரண்பட்டார்கள். எந்தப் படம் விசைப்பலகைக்கு வர வேண்டும் என்று முடிவுசெய்யும் யூனிகோடு அமைப்பில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் கை ஓங்கியிருப்பது இன்னொரு சங்கடம். சேலையும் ஆட்டோவும் அகல்விளக்கும் வரிசையில் சேர 2019 வரை ஆனது. சுஷி 2010-லிருந்தே இருக்கிறது, இட்லி இன்னும் வரவில்லை.

என் கணக்கில் எமோஜி உறவுக்குள் நல்ல துணை, உறவுக்கு வெளியே மோசமான சாட்சி. ஒரு படத்தை மட்டும் வைத்து ஒருவரின் வேலையைப் பறித்த அதிகாரிகள் செய்தது தப்பு. அதைத் திருத்திய நீதிமன்றம் செய்தது சரி. நண்பர்களுக்கு எத்தனை முகம் வேண்டுமானாலும் அனுப்புங்கள். விலை, தேதி, ஒப்பந்தம் என்று வரும்போது மட்டும் 'சம்மதம்' என்றோ 'பார்த்தேன், யோசித்துச் சொல்கிறேன்' என்றோ எழுத்தில் தட்டிவிடுங்கள்.