திட்டம் குலையும் இடம்: பயணக் கட்டுரையை மதிப்பிடுதல் பற்றிச் சில கருத்துகள்

தமிழில் பயண இலக்கியம் குறித்து வெளிவந்துள்ள ஆய்வுகளுள் பல, ஆசிரியர் எந்நாடுகளுக்குச் சென்றார், எவற்றைக் கண்டார், எத்தகைய நடையில் எழுதினார் என்னும் மூன்று வினாக்களோடு நிறைவடைந்துவிடுகின்றன. இவற்றுக்கு விடை கண்ட பின்னரும் ஒரு பயணக் கட்டுரை சிறந்ததா, அன்றா என்று நம்மால் துணிந்து கூற இயல்வதில்லை. அதற்கு வேறோர் அளவுகோல் வேண்டும். பயணி வகுத்துக்கொண்ட திட்டம் குலையும் இடத்தில் அவருடைய எழுத்து என்ன செய்கிறது என்று பார்ப்பதே அவ்வளவுகோல் என இக்கட்டுரை கருதுகிறது.

நம் மாணவர் பலரும் அறிந்த ஒரு வழியை எடுத்துக்கொள்வோம். முதுகுப்பையுடன் பட்டர்வொர்த்தில் பேருந்தேறும் இளைஞர், கெடாவின் வடகோடியிலுள்ள புக்கிட் காயு ஈத்தாமில் இறங்கிக் கடப்பிதழில் முத்திரை பெறுகிறார். மீண்டும் ஏறி, சாடாவில் மறுமுறை இறங்கி, தாய்லாந்துக் குடிநுழைவு அதிகாரியின் முன் வரிசையில் நிற்கிறார். தாய்லாந்தின் நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பிந்தியது. ஆகவே வடக்கு நோக்கி எல்லையைக் கடப்பவருக்கு ஒரு மணி நேரம் விலையின்றிக் கிடைக்கிறது. பள்ளி விடுமுறைக் காலத்து வரிசை அதனையும் விழுங்கி, மேலும் ஒரு மணியைக் கேட்கும். அவர் ஹட்யாயை அடையும்போது கிராபிக்குச் செல்லும் கடைசி வண்டி புறப்பட்டுவிட்டிருக்கும். அன்றிரவு, தாம் கருதியிராத ஒரு நகரில் அவர் தங்க நேர்கிறது.

இவ்விரவு பயணக் கட்டுரைகளில் எவ்வாறு இடம்பெறுகிறது? பெரும்பாலும் இரண்டு வரிகளில். அறையின் வாடகை, கொசு, மறுநாள் காலை கிடைத்த முதல் வண்டி, அவ்வளவே. கடற்கரை வந்ததும் வருணனை பக்கம் பக்கமாக விரிகிறது. அக்கடற்கரையை எழுதுபவரும் படிப்பவரும் முன்னரே படங்களில் கண்டிருக்கின்றனர். ஒருவர் ஏற்கெனவே அறிந்ததை மீண்டும் எழுதுகிறார், அறியாததை எழுதாமல் விடுகிறார் என்றால் அக்கட்டுரை எதற்காக எழுதப்பட்டது என்னும் ஐயம் எழுவது இயல்பே.

இப்பழக்கத்தின் வேர் நம் மரபிலேயே உள்ளது எனலாம். ஆற்றுப்படை, பரிசில் பெற்று மீள்பவன் பெறச் செல்பவனுக்கு வழிகூறும் இலக்கியம். 583 அடிகளாலான மலைபடுகடாம், நன்னனிடம் செல்லும் வழியில் பன்றிப்பொறி, பாம்பு, வழுக்கும் இடம் முதலியவற்றை ஒன்றுவிடாமல் எச்சரிக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் மீனும் வேலூரில் ஆமான் இறைச்சியும் ஆமூரில் நண்டும் காத்திருக்கின்றன. இடைத்தங்கல்கள் உண்டு, எனினும் யாவும் முன்னறியப்பட்டவை. இக்காலத்து வழிகாட்டி நூலும் இதே பணியைச் செய்கிறது. முதுகுப்பைப் பயணியரின் கையேடாக உலகெங்கும் பரவிய ‘சவுத் ஈஸ்ட் ஏஷியா ஆன் அ ஷூஸ்டிரிங்’ 1975இல் வெளிவந்தது. டோனி வீலரும் மவ்ரீன் வீலரும் அதனை எழுதி முடித்தது சிங்கப்பூரின் எளிய விடுதியொன்றில் என்பது நமக்குச் சுவையான செய்தி. அந்நூலுக்கும் சிறுபாணாற்றுப்படைக்கும் உள்ள உறவு விளையாட்டாகச் சொல்லத்தக்கதன்று. முன்சென்றவனின் கண்ணால் பின்செல்பவன் காண்கிறான் என்பது இரண்டுக்கும் பொது. ஆற்றுப்படையில் அதற்குப் பொருந்திய காரணம் இருந்தது. பாணனின் தேவை ஊர்காண்பது அன்று, பசி தீர்வது.

எதிர்பாராத் தங்கலைப் பொருளாகக் கொண்ட வேறொரு மரபையும் தமிழ் அறியும். சிலப்பதிகாரத்தில் உறந்தையை விட்டு நீங்கும் பயணம் மதுரைக் காண்டத்தைத் தொடங்கி வைக்கிறது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் விரித்துரைக்கிறான். இவ்வளவு தெளிவான வழிகாட்டுதலுக்குப் பிறகு நிகழ்வது என்ன? வெயிலின் கொடுமையால் கண்ணகியின் அடிகள் சிவக்க, மூவரும் எயினரின் ஐயை கோட்டத்தில் ஒருபுறம் ஒதுங்குகின்றனர். அங்கே தெய்வமேறிய சாலினி, யாரென்றே அறியாத அப்பெண்ணைச் சுட்டி, அவளுடைய பிற்காலப் பெருமையைக் கூறிவிடுகிறாள். கண்ணகி நாணிக் கணவனின் பின்னே ஒடுங்கி, மூதாட்டி மயங்கிப் பேசுகிறாள் என்கிறாள். வழியுரைத்த மறையோனின் வரைபடத்தில் இக்கோட்டத்தில் நிகழப்போவது இல்லை. காப்பியத்தின் முடிவை முன்னறிவிக்கும் குரலை இளங்கோவடிகள் அரண்மனையிலோ பெருநகரிலோ வைக்காமல், கால்வலியால் நின்ற ஓரிடத்தில் வைத்திருப்பது நோக்கத்தக்கது. உரையாசிரியர்கள் வேட்டுவ வரியின் கூத்தை விளக்கிய அளவுக்கு இந்நிற்றலை விளக்கவில்லை என்பது என் கருத்து.

இக்கண் கொண்டு ஹட்யாய்க்குத் திரும்புவோம். அது சொங்கலா மாநிலத்தின் தலைநகரன்று. ஆயினும் அம்மாநிலத்தின் மிகப் பெரிய நகரம். இருப்புப்பாதைச் சந்திப்பைச் சுற்றி எழுந்த ஊர் அது. பாங்காக்கிலிருந்து வரும் பாதை அங்கே பிரிந்து, ஒரு கிளை பாடாங் பெசாருக்கும் மறு கிளை சுங்கை கோலோக்குக்கும் செல்கிறது. நிலையத்துக்கு எதிரே நிபாட் உத்தித் என்னும் பெயரில் 1, 2, 3 என எண்ணிட்ட தெருக்கள் உள்ளன. இருப்புப்பாதைப் பணிக்கு வந்து நிலம் வாங்கி ஊரை அமைத்த சீனர் ஒருவர் பெற்ற பட்டப்பெயரை ஒட்டி அமைந்தது அது. வண்டியைத் தவறவிட்டவர் அத்தெருக்களில் நடந்தாலே எழுதுவதற்குப் பொருள் கிடைக்கும்.

மலேசியத் தமிழருக்கோ அச்சந்திப்பு இன்னும் நெருங்கியது. சப்பானியர் ஆட்சியில் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர்ப் பாதை 1943இல் முடிக்கப்பட்டது. அதற்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, ஹட்யாய் வழியாகவே பான் போங்குக்குச் சென்றனர். அதே 1943இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கும் தாய்லாந்திடம் ஒப்படைக்கப்பட்டு, 1945இல் மீண்டன. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன்னர் அவை சயாமின் மேலாண்மையில் இருந்தவையே. நம் இளைஞர் இருமுறை இறங்கி ஏறிய எல்லை, கெடாத் தோட்டமொன்றில் இருந்த இடத்திலேயே இருந்தவரின் தலைக்கு மேலாக இருமுறை நகர்ந்திருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய நாவல்கள் இவ்வரலாற்றைப் பேசுகின்றன. அவற்றைப் பயண இலக்கியத்தோடு சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. தாமாக விரும்பிச் சென்றவரின் எழுத்து மட்டுமே பயண இலக்கியம் என்று வகைப்படுத்தியிருக்கிறோம் போலும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். திட்டமின்றித் தங்குதல் என்பதே ஒரு வசதியன்றோ? முன்விசா இன்றி நுழைய இடந்தரும் கடப்பிதழும் ஓரிரவு வாடகைக்குப் பணமும் உடையவருக்குத்தான் வழி தவறுவது இன்பம். மறுப்பு நியாயமானது. சரக்குப் பெட்டியில் சென்றவனுக்கு எந்நிலையத்தில் இறங்குவது என்னும் தெரிவே இல்லை. ஆனால் இம்மறுப்பு என் அளவுகோலைத் தள்ளிவிடுவதில்லை, அதனைக் கடுமையாக்குகிறது. நிற்கும் உரிமை பெற்றவர் நின்ற இடத்தைப் பார்க்கவும் கடமைப்பட்டவராகிறார்.

‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதிய ஏ. கே. செட்டியாரை இன்றும் படிக்க முடிவதற்குக் காரணம் அவர் சென்ற நாடுகளின் எண்ணிக்கை எனத் தோன்றவில்லை. தம்மை முன்னிறுத்தாத எளிய நடையில், வழியில் எதிர்ப்பட்ட மனிதரின் பேச்சுக்கு அவர் இடமளித்தார். நினைவுச்சின்னங்களின் உயரத்தை இன்று யாரும் அவரிடம் கேட்கப்போவதில்லை. அம்மனிதர்களை அவரிடம் மட்டுமே காண முடியும்.

பயணக் கட்டுரையைப் பயிற்சியாக அளிக்கும் ஆசிரியர்கள் தொடக்கம், வழி, சேருமிடம், பயன் என்னும் சட்டகத்தைக் கொடுத்து எழுதச் சொல்கின்றனர். அச்சட்டகத்தில் ஐயை கோட்டத்துக்கு இடமில்லை. கட்டுரை எழுதப் பணிக்கும் முன் வேட்டுவ வரியின் அப்பகுதியையும், இயன்றால் மேற்கூறிய நாவல்களுள் ஒன்றையும் வகுப்பில் படிக்கலாம். அதன்பின் வண்டி தவறிய இரவை மாணவர்கள் எத்தனை வரிகளில் எழுதுகின்றனர் என்று பார்க்க வேண்டும்.