பிர்ச் மரத்தின் கணக்கை வைக்கோலுக்குப் போடலாமா?

லிக்னின் பற்றி யாரோடு பேசினாலும் ஒரு எண் வந்து விழுகிறது: 78 சதவீதம். 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் யூஹே லியாவ், பெர்ட் செல்ஸ் முதலியோர் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய கட்டுரையின் எண் அது. பிர்ச் மரத்தின் எடையில் 78 சதவீதத்தைப் பயனுள்ள பொருளாக மாற்றிக் காட்டினார்கள். நல்ல கட்டுரை, சந்தேகமே இல்லை. ஆனா அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து தஞ்சாவூர் வைக்கோல் மேல் வைக்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

அவர்கள் செய்தது இது. லிக்னின், மரத்தின் நார்களை ஒட்டிப் பிடிக்கும் பசை மாதிரி. வேகவைத்தால் உடையும், ஆனால் உடைந்த துண்டுகள் திரும்பவும் முன்னைவிட வலுவாக ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, மரத்தை வேகவைக்கும்போதே உலோக வினையூக்கியையும் ஹைட்ரஜனையும் சேர்த்துத் துண்டுகளை அங்கேயே நிலைப்படுத்தினார்கள். கிடைத்த லிக்னின் எண்ணெயிலிருந்து பீனாலும் புரோப்பிலீனும், மிச்சப் பெரிய துண்டுகள் அச்சு மைக்கு, கூழ் எத்தனாலுக்கு.

இப்ப கணக்கு. பீனால் 20 சதவீதம், புரோப்பிலீன் 9 சதவீதம். எதில்? லிக்னினின் எடையில். பிர்ச்சில் லிக்னின் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஆக 100 கிலோ மரத்துக்குப் பீனால் சுமார் 4 கிலோ, புரோப்பிலீன் 2 கிலோவுக்கும் குறைவு. அந்த 78-இன் பெரும்பகுதி கூழ்தான். கட்டுரை இதை மறைக்கவில்லை. பொருளாதாரக் கணக்கும் கார்பன் கணக்கும் உள்ளேயே இருக்கு. மேற்கோள் காட்டுபவர்கள்தான் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, எதில் அளந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

வைக்கோலுக்கு வருவோம். அதில் லிக்னின் மரத்தைவிடக் குறைவு. சாம்பலோ 15 சதவீதம் அளவுக்கு வரும், பெரும்பாலும் சிலிக்கா. பிர்ச்சில் சாம்பல் ஒரு சதவீதம்கூடத் தேறாது. தூளாகப் போட்ட வினையூக்கியைக் கூழிலிருந்து பிரிப்பதே சிரமம். இதில் சிலிக்காவும் சேர்ந்தால்? வைக்கோலில் காகிதம் செய்யப் போனவர்கள் சிலிக்காவோடு பட்ட பாடு பழைய கதை. இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லணும். புல் இனத்தின் லிக்னினோடு கூமாரிக் அமிலமும் ஃபெருலிக் அமிலமும் எஸ்டராக ஒட்டியிருக்கின்றன. காரம் பட்டாலே கழன்றுவிடும். வைக்கோலின் பலம் அங்கே இருக்கலாம். அப்படியானால் அதற்கு வேறு வழி, வேறு கணக்கு.

அடுத்து, ‘வேளாண் கழிவு’ என்று தொடங்கும் அந்த வழக்கமான முதல் வரி. பஞ்சாப், ஹரியானாவில் வைக்கோலை வயலிலேயே எரிக்கிறார்கள். பானிப்பட்டில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல் எடுக்கும் எத்தனால் ஆலை 2022-இல் திறந்ததற்கு அது ஒரு காரணம். டெல்டாவில் கதை வேற. அறுவடை மெஷின் போன பின்னாலேயே கட்டு கட்டும் மெஷின் வயலில் இறங்குகிறது. குறுவை வைக்கோல் மழையில் நனைந்து வீணாகலாம். தை, மாசியில் காய்ந்து கிடக்கும் சம்பா வைக்கோல் காசு. மாட்டுக்குப் போகிறது, காளானுக்குப் போகிறது. நிலமில்லாமல் இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு அதன் விலை ஏறினால் அடி நேரே அடுப்பில் விழும். அந்தப் பொருளுக்கு விலை பூஜ்யம் என்று போட்ட பிறகு எந்தக் கணக்கும் லாபத்தில்தான் முடியும்.

பிர்ச்சுக்கு இங்கே உறவு தேடினால் வைக்கோல் இல்லை, சவுக்கு. அதுவும் வன்மரம்தான். காவிரியில் மேலே போனால், கரூர் மாவட்டம் புகழூரில் டி.என்.பி.எல். காகித ஆலை கரும்புச் சக்கையோடு சவுக்கையும் தைலமரத்தையும் கூழாக்குகிறது. லிக்னின் அங்கே ‘பிளாக் லிக்கர்’ என்ற கரிய திரவத்தில் சேர்ந்து, கொதிகலனில் எரிந்து நீராவியாகிறது. ஆனால் அது ஏற்கெனவே காரத்தில் வெந்து இறுகியது. லூவனில் கிடைத்த துண்டுகள் அதிலிருந்து லேசில் வராது. வெளியே எடுத்தால் கொதிகலனில் எதை எரிப்பது என்ற கேள்வியும் உண்டு.

ஆய்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. டெல்டா வைக்கோலை வைத்து எழுதும் அடுத்த கட்டுரையின் சுருக்கத்திலேயே மூன்று எண்கள் வேண்டும்: 100 கிலோ வைக்கோலுக்கு எத்தனை கிலோ பொருள், அந்தச் சாம்பலோடு வினையூக்கி எத்தனை முறை ஓடியது, மாசி மாதம் வயலில் ஒரு கட்டு வைக்கோல் என்ன விலை. மூன்றாவது எண்ணுக்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம்.