நடுவரை இழக்கும் ஆட்டம்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஓர் ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவரும்போது பலகையும் காயும் கட்டையும் சிரமமின்றி வந்து சேர்ந்துவிடுகின்றன. வராமல் நின்றுவிடுபவர், ஆட்டத்தின் நடுவே கிளம்பும் வழக்கைக் கேட்டு அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லும் மனிதர்தான். மேலைநாட்டுப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் வீடியோ கேமாக மாறிவந்த அரை நூற்றாண்டு வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து அலசினால், தஞ்சை வட்டாரத்துத் திண்ணைகளில் ஆடப்பட்டுவரும் தாயக்கட்டத்தைத் திரையேற்ற முனைவோர் எங்கே இடறக்கூடும் என்பதும் தெளிவாகும்.

பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வீரர், மந்திரவாதி, திருடர் என ஒரு வேடம் ஏற்று, தம் பாத்திரம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை வாயால் சொல்ல, அச்செயல் பலித்ததா என்பதைக் கட்டை உருட்டித் தீர்மானிக்கும் ஆட்டமாகும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு மூலம். கதை சொல்வதும், பகைவர்களை இயக்குவதும், விதிநூலில் இல்லாத கேள்வி எழுந்தால் முடிவு கூறுவதும் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஆட்ட நடத்துநர் என்ற ஒருவரிடமே இருக்கும். துரத்திவரும் காவலர்கள் வழுக்கி விழும்படி மாடிப்படியில் விளக்கெண்ணெயைக் கொட்டுவதாக ஓர் ஆட்டக்காரர் சொன்னால், அதற்கென்று விதி எழுதப்பட்டிருக்காது. நடத்துநர் சற்று யோசித்து, இருபது முகக் கட்டையில் 12க்கு மேல் விழுந்தால் பலிக்கும் என்பார், மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள், ஆட்டம் தொடரும்.

வேடமும் பலகையும் ஒன்றுசேரும் கற்பனை காவிரிப் படுகைக்குப் புதிதன்று. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள பூவனூரில் கோயில் கொண்ட இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத அரசிளங்குமரியாக வளர்ந்த அம்பிகையை, முதியவர் வேடத்தில் வந்த சிவபெருமான் ஆடி வென்று மணந்தார் என்கிறது தலபுராணம். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இக்கோயில் நாடெங்கும் பேசப்பட்டது. இக்கதையில் காய் நகர்த்தும் விதி ஒரு பங்கு. எதிரே அமர்ந்திருக்கும் கிழவர் யார், தோற்றால் என்ன நேரும் என்பவை மறு பங்கு. முதற்பங்கைக் கணினி நன்றாகவே கற்றுக்கொண்டு, 1997இல் டீப் புளூவின் வடிவில் உலகச் சாம்பியன் காஸ்பரோவையே தோற்கடித்தது. பாத்திரமேற்பு விளையாட்டோ மறு பங்கையே ஆட்டமாகக் கொண்டிருப்பதால்தான் அதைத் திரைக்குக் கொண்டுவருவது வேறு வகையான சோதனையாகிறது.

அச்சோதனை உடனே தொடங்கிவிட்டது. மூல விளையாட்டு வெளியான மறு ஆண்டே, 1975இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினிகளில் அதன் சாயலில் ஆட்டங்கள் எழுதப்பட்டன; 1988இல் உரிமம் பெற்ற ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ வந்தது; 1998இல் பயோவேர் நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட்’ சண்டையை இடைவிடாமல் ஓடவிட்டுக் கட்டைகளைத் திரைக்குப் பின்னால் உருட்டியது. இவற்றுள் எதுவும், 2023 ஆகஸ்டு 3 அன்று பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ அளவுக்கு மேசையின் இயல்பை நெருங்கவில்லை. முந்தைய பாகங்களின் ஓட்டத்தைக் கைவிட்டு முறை வைத்து ஆடும் வழக்கத்துக்கு அது திரும்பியதும், உரையாடலின் நடுவே இருபது முகக் கட்டையைத் திரையின் மையத்தில் கொண்டுவந்து ஆட்டக்காரரையே உருட்டச் செய்ததும், நடத்துநரின் இடத்தில் அமீலியா டைலரின் குரலை அமர்த்தியதும் சரியான முடிவுகள். ஆனாலும் அந்தக் குரல் சொல்லுமே தவிர, கேட்காது. எண்ணெய் கொட்டலாமா என்ற கேள்விக்கு விடை, நிரலாளர் அதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருந்தால் மட்டுமே கிடைக்கும். மேசையில் 20ஆம் நிலை வரை வளரும் பாத்திரங்களை லேரியன் 12ஆம் நிலையிலேயே நிறுத்தியதன் காரணமும் இதுவே. அதற்கு மேற்பட்ட மந்திரங்கள் ஆட்டக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்கவிடுகின்றன, அத்தனைக்கும் ஈடுகொடுக்கும் கதையை எவராலும் எழுதிவைக்க முடியாது.

கட்டையில் லேரியன் செய்த மாற்றங்கள் இன்னும் நுட்பமானவை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி, இருபது முகக் கட்டையில் 1 விழுந்தால் உறுதியான தோல்வி என்பது தாக்குதலுக்குத்தான் பொருந்தும், பூட்டைத் திறப்பது போன்ற திறன் சோதனைகளுக்குப் பொருந்தாது. பல வீட்டு மேசைகளில் மக்கள் தாமாகவே அதை எல்லாச் சோதனைகளுக்கும் நீட்டிக்கொண்டனர். லேரியன் அச்சடித்த விதியை விட்டு மக்கள் வழக்கைப் பின்பற்றியது, ஆட்டம் எங்கே உயிர்வாழ்கிறது என்பதை அறிந்தோர் செய்யும் செயல். ‘கார்மிக் டைஸ்’ என்ற மற்றொரு ஏற்பாடு, தோல்வி தொடர்ந்து விழாதபடி கட்டையை மெல்லச் சாய்க்கிறது. துவண்டுபோன ஆட்டக்காரரின் முகம் பார்த்து இரக்கம் காட்டும் நடத்துநரின் வேலையை, முகம் பார்க்க முடியாத கணினி எல்லோருக்கும் ஒரே அளவில் செய்துபார்க்கும் முயற்சி இது. விரும்பாதவர் அணைத்துவிடலாம் என்பதால்தான் இதை ஏற்க முடிகிறது. தோற்ற இடத்துக்கு முன் சேமித்த நிலைக்குத் திரும்பி மீண்டும் உருட்டும் வசதியே பெருங்கேடு, ஏனெனில் மேசையில் விழுந்த கட்டை விழுந்ததுதான். 2023 நவம்பர் இறுதியில், ஒரே சேமிப்பை மட்டும் அனுமதிக்கும் ‘ஹானர் மோட்’ சேர்க்கப்பட்ட பிறகுதான், விழுந்ததை மாற்ற முடியாது என்ற அச்சம் திரையில் திரும்பிவந்தது.

தாயத்திலும் கட்டையைப் பற்றிய கேள்வியே முதலில் எழுகிறது. 0, 1, 2, 3 என்ற நான்கு முகங்கள் கொண்ட இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டினால் அவை 16 விதமாக விழக்கூடும். ஒன்றில் 1, மற்றதில் வெற்று முகம் என விழும் தாயம் அவற்றுள் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. பித்தளை இல்லாத வீட்டில் நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து, சொரசொரப்பான தரையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு வெள்ளை விழுந்தால் தாயம். இரு பக்கமும் சமமாக விழும் என்று கொண்டால், இங்கே தாயத்தின் வாய்ப்பு நான்கில் ஒன்றாக இரட்டிக்கிறது. தாயம் விழுந்தால்தான் காய் இறக்க முடியும் என்பதால் இந்த வேறுபாடு ஆட்டத்தின் போக்கையே மாற்றுகிறது: எட்டு முறை உருட்டியும் காய் இறங்காமல் தவிப்பதற்கான வாய்ப்பு பித்தளையில் சுமார் 34 விழுக்காடு, புளியங்கொட்டையில் 10 விழுக்காடு. சோழி உருட்டி ஆடும் பச்சீசியிலிருந்து பிறந்து 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ, சோழியைக் கைவிட்டு ஆறு முகக் கட்டையை எடுத்துக்கொண்டதால், எட்டு முறை உருட்டியும் 6 விழாமல், காய் இறங்காமல் தவிக்கும் வாய்ப்பு அதில் 23 விழுக்காடாக நின்றது. மும்பையின் கேமேஷன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘லூடோ கிங்’ அந்த ஆறு முகக் கட்டையைத்தான் கைபேசிக்குக் கொண்டுசென்றது. தாயத்தின் படத்தைத் திரையில் வரைந்துவிட்டு ஆறு முகக் கட்டையை உருட்டவிடுபவர், தாயத்தின் பெயரில் வேறோர் ஆட்டத்தையே தருகிறார்.

விதி முழுதும் தீர்மானமான ஆட்டங்களில் நடுவரைத் தேடும் சிக்கல் இல்லை. பல்லாங்குழியின் ஆப்பிரிக்க உறவான அவாரியை 2002இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் ரோமைனும் பாலும் 88,900 கோடி நிலைகளையும் கணித்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் சமனில் முடியும் என்று நிறுவிவிட்டனர். தாயத்துக்கு அப்படி ஒரே விதிநூல் கிடையாது. மூன்று தாயம் தொடர்ந்து விழுந்தால் செல்லுமா, ஒரே கட்டத்தில் இரண்டு காய் நின்றால் வெட்டலாமா, எதிரியின் காயை ஒருமுறையாவது வெட்டாமல் இறுதிக் கட்டமான பழம் ஏறலாமா என்பவை வீட்டுக்கு வீடு மாறும். ஐயம் வந்தால், அருகில் அமர்ந்து வெற்றிலை மடிக்கும் பாட்டி சொன்னதே முடிவு. ஆகவே திரைத் தாயம் தன் முதல் பக்கத்திலேயே ஆடுவோரை இவ்வழக்குகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் செய்து, பித்தளையா புளியங்கொட்டையா என்பதையும் அவர்களிடமே கேட்டாக வேண்டும். இது வெறும் அலங்காரமன்று. வெட்டினால்தான் பழம் என்ற வழக்குள்ள வீட்டில் தேர்ந்த ஆட்டக்காரர் காயை நேரே ஓட்டிச் செல்லாமல், வெட்டுப்படாத மலைக்கட்டத்தில் நிறுத்தி, பின்னால் எதிரியின் காய் இறங்கும்வரை சிறிய எண்களை வேறு காய்களில் செலவழித்துக் காத்திருப்பார். அவ்வழக்கை அறியாமல் எழுதப்பட்ட கணினி எதிராளி எல்லாக் காய்களையும் விரைந்து ஓட்டி, பழம் ஏறும் வாசலில் வெட்டுக்கு வழியின்றி வரிசையாக நிறுத்திவிடும்.