கந்தலும் கலையும்

பொருநராற்றுப்படையில் ஒரு கந்தல் வருகிறது. கரிகாலனைக் கண்டு பரிசில் பெற்ற பொருநன் அதுவரை உடுத்தியிருந்த துணி அது. ஈரும் பேனும் குடியிருந்த துணி; வியர்வையில் நனைந்த துணி; கிழிந்த இடமெல்லாம் வேறு நூல் நுழைத்துத் தைக்கப்பெற்ற துணி. மன்னன் அதனை அறவே நீக்கிவிட்டு, பாம்பின் உரி போன்றதும் இழை சென்ற வழி கண்ணுக்குப் புலப்படாததுமான பூந்துகிலை அளிக்கின்றான். இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போது நாம் பெரும்பாலும் கொடைச் சிறப்பைச் சொல்லி அப்பால் சென்றுவிடுகிறோம். முடத்தாமக்கண்ணியார் அக்கந்தலை எத்துணை அணுகி நின்று நோக்கினார் என்பதை எடுத்துச் சொல்வதில்லை. தைத்த நூல் துணிக்குரிய நூல் அன்று, வேற்று நூல் என்பது தொலைவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியுமா? பட்டுக்குச் செலவிட்ட பார்வையிற் குறையாத பார்வையைப் புலவர் கந்தலுக்கும் செலவிட்டிருக்கின்றார்.

சிலப்பதிகாரம் வேறொன்றைக் காட்டுகிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள், தையற்காரராகிய துன்னகாரரை அடுத்து, கிழியாலும் கிடையாலும் பலவகைப் பொருள்கள் செய்வோரையும் சேர்த்து எண்ணுகிறார். கிழி என்பது துணி. கிடை என்பது நெட்டி. துணியையும் நெட்டியையும் கொண்டு குறையற்ற கைவினை செய்தவர்கள் ஒரு மாநகரின் தொழில் வரிசையில் இடம்பெற்றிருந்தார்கள். ஆக, கிழிந்த துணி வறுமையின் அடையாளம் என்பது ஒரு பார்வை. கிழித்த துணி கைவினைக்கு மூலப்பொருள் என்பது மற்றொரு பார்வை. இவ்விரண்டும் நம் இலக்கியத்தில் பக்கம்பக்கமாக இருக்கின்றன. எனினும் அவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இன்று அவற்றைச் சந்திக்க வைத்திருப்பது, உலகெங்கும் பேசப்படும் மேம்பயனாக்கம் என்னும் முயற்சியாகும்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. பழைய பொருளை அரைத்தோ உருக்கியோ மீண்டும் மூலப்பொருளாக்குவது மறுசுழற்சி. அவ்வாறு செய்கையில் பொருளின் தரம் பெரும்பாலும் தாழ்ந்துவிடுகிறது. பழைய கம்பளி ஆடையைப் பிய்த்து நூற்ற நூல் முரட்டுப் போர்வைக்கே ஆகும். பொருளைச் சிதைக்காமல் முன்னினும் உயர்ந்த மதிப்புடைய ஒன்றாக ஆக்குவதற்கு வேறொரு சொல் வேண்டும் என்பதை 1994-இல் ரைனர் பில்ஸ் என்னும் செருமானியப் பொறியாளர் வலியுறுத்தினார். அவர் பயன்படுத்திய 'அப்சைக்கிளிங்' என்னும் சொல்லே இன்று வழக்கில் உள்ளது. மேம்பயனாக்கம் என நான் இங்கு ஆள்வது அதனையே. இதனினும் நல்ல சொல்லை எவரேனும் படைத்துத் தந்தால் மகிழ்ச்சியே.

ஆனால் உயர்ந்த மதிப்பு என்பதை அளப்பவர் யார்? எந்தக் கோலால் அளப்பது? நம் பள்ளிக் கண்காட்சிகளிலும் போட்டிகளிலும் இக்கேள்வி எழுப்பப்படுவதே இல்லை. 'கழிவுத் துணியால் ஆனது' என்று ஓர் அட்டை எழுதி வைத்துவிட்டால் நடுவர்கள் புன்னகைக்கிறார்கள். தையல் பிரிந்திருக்கலாம்; வண்ணங்கள் ஒன்றோடொன்று மோதலாம்; எல்லாம் பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. இதைவிட வேடிக்கையும் உண்டு. போட்டிக்கென்று கடையில் புதுத்துணி வாங்கி, அதைத் துண்டுதுண்டாக வெட்டி, பழந்துணிக் கலை என்று கொண்டுவந்து வைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கழிவைக் குறைக்க வந்த கலை கழிவைப் பெருக்கிற்று! நல்லெண்ணம் வேறு, கலைத்தரம் வேறு. நோக்கம் தூயது என்பதற்காக எதுகை தவறிய வெண்பாவை நாம் ஏற்பதில்லையே. துணிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

தமிழகத்திலிருந்து ஒரு படைப்பை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கோரமண்டலக் கரையை அழித்தபின், புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் உமா பிரஜாபதி நிறுவிய உபாசனா என்னும் ஆடை வடிவமைப்புக் கூடம், சுற்றியிருந்த மீனவர் குப்பங்களின் பெண்களை அழைத்து, வெட்டிக் கழித்த துணித்துண்டுகளால் சின்னஞ்சிறு பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தது. கடலை நோக்கவே அஞ்சியிருந்த பெண்களின் கைகளுக்கு ஒரு வேலை, மனத்திற்கு ஓர் ஆறுதல் என்பதே தொடக்க நோக்கம். பொம்மைக்குச் 'சுனாமிகா' என்று பெயர். அது விரலளவே இருக்கும். அதற்கு விலை கிடையாது, அன்பளிப்பாகவே கொடுக்கப்பட்டது. பெற்றவர்கள் மனமுவந்து அளித்த நன்கொடையே செய்தவர்களின் ஊதியமாயிற்று. இலட்சக்கணக்கில் செய்யப்பெற்று அது நாடு பல சென்றது.

இதன் சிறப்பு முதலாவதாக அதன் அளவில் இருக்கிறது. பேரழிவை நினைவுகூர மனிதர் பெரும்பாலும் பெருங்கல்லையே நடுவர். இங்கோ, வேறு எதற்கும் உதவாத அளவுக்குச் சிறுத்த துண்டு, அந்தச் சிறுமையையே தன் வடிவமாகக் கொண்டது. பொருளின் இயல்பிலிருந்து வடிவம் பிறப்பதுதான் நல்ல கைவினை. இரண்டாவது, பெயர். உயிர்களைக் கொண்டுசென்ற பேரலையின் பெயரை ஒரு பெண் குழந்தைக்கு இடுவதுபோல் பொம்மைக்கு இட்ட துணிவு எளிதன்று. அச்சத்தை மடியில் வைத்துத் தைக்கும்போது அது கைக்கு அடங்கிய பொருளாகிவிடுகிறது.

ஆயினும் குறை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும். சுனாமிகாவின் துணி எவரும் உடுத்தாத துணி. கத்தரிக்கோல் கழித்த புதுத்துணிக்கு வண்ணம் உண்டு, வரலாறு இல்லை. மேலும், ஒரே வடிவத்தை இலட்சக்கணக்கில் செய்யும்போது, கணவனை இழந்தவளின் தையலும் பிள்ளையை இழந்தவளின் தையலும் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. பொம்மையை வாங்கியவர் அதன் கதையைத் தாளில் படித்துத் தெரிந்துகொள்கிறாரே தவிர, பொம்மையிலிருந்து தெரிந்துகொள்வதில்லை. வாழ்வு கொடுத்த தொழில் என்ற வகையில் அது போற்றத்தக்கது. கலை என்ற வகையில், துணி பேச வேண்டியதையும் கதையே பேசிவிடுகிறது என்பேன்.

துணியே பேசும் படைப்புக்கு எடுத்துக்காட்டு அமெரிக்காவில் கிடைக்கிறது. அலபாமா மாநிலத்து ஆற்று வளைவொன்றில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் வழியினர் வாழும் ஊர். அங்குள்ள பெண்கள் தேய்ந்த வேலையாடைகளை வெட்டி இணைத்துப் போர்வை தைத்தனர். குளிர் புகும் வீட்டில் பிள்ளைகளைப் போர்த்துவதே நோக்கம். மிசூரி பெட்வே என்னும் பெண்மணி கணவர் இறந்தபின், 1942-இல், அவர் வயலில் உடுத்திய ஆடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அப்போர்வை இன்றும் இருக்கிறது. அவ்வூர்ப் போர்வைகள் சிலவற்றில், கால்சட்டையின் பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாய் நிற்கும். சுற்றியுள்ள பகுதி வெயிலில் வெளுத்திருக்கும். எத்தனை ஆண்டு வெயில், எத்தகைய வேலை என்பதை அறிய ஒரு தாளும் வேண்டியதில்லை.

2002-இல் அப்போர்வைகள் ஊஸ்டனிலும் நியூயார்க்கிலும் கலைக்கூடச் சுவரில் தொங்கின. திறனாய்வாளர்கள் புகழ் பெற்ற ஐரோப்பிய ஓவியர்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பாராட்டினர். அப்பாராட்டில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஓவியனின் கோலால் அளந்துதான் ஒரு போர்வை உயர வேண்டுமா? போர்த்துவதற்காகத் தைத்தது என்பதே அதன் இலக்கணத்தின் ஒரு பகுதி. தெருக்கூத்தை நாடகக் கொட்டகையின் விதிகளால் அளந்தால் கிடைப்பது புகழாக இருந்தாலும் அது தவறான புகழே.

நவநாகரிக ஆடை வாணிகத்தின் கதை வேறு. பருத்தி விளையாத வடசப்பானின் குளிர்நாட்டு உழவர்கள், தலைமுறை தலைமுறையாக ஒட்டின்மேல் ஒட்டு வைத்துத் தைத்த ஆடை 'பொரோ' எனப்படும். உடுத்தியவர்கள் அதை வெளியாருக்குக் காட்ட நாணினர். இன்று சேர்த்து வைப்போரிடையே அதற்குப் பெருவிலை. அதைப் பின்பற்றிப் புதிய ஆடையிலேயே ஒட்டுப் போட்டும், புதிய சீன்ஸ் துணியைத் தொழிற்சாலையிலேயே தேய்த்துக் கிழித்தும் விற்கின்றனர். வறியவன் மறைத்த கிழிசலைச் செல்வன் விலைக்கு வாங்கி உடுத்துகிறான். இதில் கழிவு எதுவும் குறையவில்லை; கந்தலின் தோற்றம் மட்டும் களவாடப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் இன்று தொழிற்பேட்டைகளால் அறியப்படுகிறது. இவ்வட்டாரத்தில் பழைய தோட்டங்களைச் சார்ந்த குடும்பங்கள் இன்னும் பல உண்டு. சப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை மலாயாவில் துணிப் பஞ்சம் கடுமையாக இருந்தது. சாக்கைத் தைத்து உடுத்தியவர்கள் இருந்தார்கள். மிசூரி பெட்வே கணவரின் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நம் பாட்டிமார் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள் எனலாம். பஞ்சம் நீங்கிய பின்னும், தோட்டத்து லயங்களில் ஒரு சேலை ஒரே பிறவியோடு முடிந்ததில்லை. உடுத்தித் தேய்ந்தபின் குழந்தைக்கு ஏணையாயிற்று; ஏணையிலிருந்து விரிப்பாயிற்று; விரிப்பிலிருந்து அடுப்படிக் கைப்பிடித் துணியாயிற்று. பால்வெட்டுக்குச் சென்றவர்களின் சட்டையில் படிந்த ரப்பர்ப் பால் கறை எத்தனை துவைத்தாலும் போகாது. அச்சட்டைகளில் எத்தனை இன்று எஞ்சியிருக்கின்றன? கந்தலைக் காப்பது வறுமையைக் காப்பதாகும் என்று எண்ணி நாம் எரித்துவிட்டோம்.

இன்றோ நிலைமை தலைகீழ். கப்பல்களில் பொதிபொதியாக வந்திறங்கும் அயல்நாட்டுப் பழந்துணி 'பண்டல்' கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. தீபாவளிக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வாங்கிய உடை அடுத்த தீபாவளிக்குள் மூட்டையில் போகிறது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த இத்துணிகளைப் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கடினம். மண்ணிலும் எளிதில் மக்காது. ஆகவே கைவினையாக்கும் வழியை மாணாக்கர்க்குக் காட்டுவது இன்றியமையாததாகிவிட்டது. காட்சிக்கலைப் பாடத்தில் ஒட்டுப்படத்திற்கும் கைவினைக்கும் இடம் இருக்கிறது. ஆசிரியர் விரும்பினால் போதும். தமிழ் ஆசிரியருக்கும் இதில் வேலை உண்டு. 'இது யாருடைய துணி? எங்கே தேய்ந்தது?' என்று மாணவன் வீட்டில் கேட்டு எழுதிவரும் ஒரு பக்கம், வழக்கமான வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையைவிட உயிருள்ளதாக இருக்கும். ஆனால் அப்பக்கத்திற்குத் தமிழில் மதிப்பெண் இடுக. துணிக்குத் துணியைப் பார்த்தே இடுக. தையல் நிற்கிறதா, பழைய தேய்மானம் வடிவத்திற்குத் துணை செய்கிறதா, கறையை மறைத்தானா, பயன்படுத்தினானா என்று அணுகி நின்று நோக்குக.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆர்வமிகுதியால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாகாது. வங்கத்துப் பெண்கள் காந்தா தைக்கும்போது பழைய புடைவைகளை அடுக்கடுக்காக வைத்து, கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத் தையலிட்டனர். புடைவை துண்டாகவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாய் உறங்கிற்று. குருசதய தத்தர் அவற்றைத் தேடிச் சேர்த்ததனால், கல்கத்தாவின் புறநகராகிய ஜோக்காவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்திற்கு அவை வந்து சேர்ந்தன. நம் வீட்டு இரும்புப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் சேலைகளுள் சிலவற்றை அடுக்கித் தைக்கலாம். சிலவற்றை வெட்டி இணைக்கலாம். சிலவற்றை வேப்பிலையிட்டு மடித்து அப்படியே திரும்ப வைத்துவிட வேண்டியிருக்கும். எந்தச் சேலை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கத்தரிக்கோலை எடுக்குமுன் பாட்டியிடம் கேட்டுக்கொள்வது நலம்.