கேப் ரேட்டும் தாய்ப்பத்திரமும்

ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரும் பணக்காரர்கள் ஆகியோரிடம் பணம் திரட்டி, அலுவலகக் கட்டடங்களையும் வணிக வளாகங்களையும் கிடங்குகளையும் வாங்கி, வாடகையை உயர்த்தி, சில ஆண்டுகள் கழித்து விற்று லாபம் பார்ப்பவை ரியல் எஸ்டேட் தனியார் பங்கு முதலீட்டு நிதியங்கள். 2005இல் கட்டுமானத் துறையில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கு வழி திறந்தது. அதன் பிறகு பிளாக்ஸ்டோன், புரூக்ஃபீல்டு, சிங்கப்பூர் அரசின் ஜிஐசி எல்லாம் நம் ஊர்க் கட்டடங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். இவற்றில் வேலைகள் சொற்பம், சம்பளம் அதிகம். அதனால் நேர்காணலுக்குத் தயாராவதே தனிப் படிப்பாகிவிட்டது. கேள்வி பதில் கையேடு, ஆயத்தமான எக்செல் மாதிரி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதும் பயிற்சித் தேர்வு, நண்பர்களுக்குள் மாதிரி நேர்காணல் என்று எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே பாதை.

இந்தப் பயிற்சி முறையை விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவரின் பக்கம் நின்று எடைபோட விரும்புகிறேன். காரணம் இருக்கிறது. ஓர் ஏக்கர் என்ன விலை பெறும், அந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி அந்த வட்டாரத்தில் டீக்கடையிலும் களத்துமேட்டிலும் புழங்குகிற கேள்வி. பக்கத்து நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்படுவதால் வந்த நிலை அது. அந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைகூட நிலத்தைப் பற்றிய நேர்காணலுக்குத் தயாராகும்போது, தனக்குத் தெரிந்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு நியூயார்க் கட்டடங்களின் கணக்கைப் போட உட்காருகிறது.

முதலில் இந்த முறையின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவருக்கு, நிதியத்தில் வேலை பார்க்கும் சித்தப்பாவோ மும்பையில் விருந்துக்கு அழைக்கும் சீனியரோ கிடையாது. உள்ளே என்ன கேட்பார்கள் என்பதே வசதியுள்ள வீடுகளின் ரகசியமாக இருந்தது. கையேடுகள் அந்த ரகசியத்தை உடைத்தன. கேப் ரேட் என்றால் கட்டடத்தின் நிகர வாடகை வருமானத்தை விலையால் வகுத்து வரும் சதவீதம். ஐ.ஆர்.ஆர். என்றால் போட்ட பணம் எப்போதெல்லாம் திரும்புகிறது என்ற காலத்தையும் கணக்கில் சேர்த்த ஆண்டு வருமான விகிதம். இவற்றைத் தமிழ்வழியில் படித்து வந்தவரும் சில மாதங்களில் கற்றுக்கொண்டு சமமாக உட்கார முடிகிறது. எக்செல் தேர்வு ஓரளவு நியாயமான தேர்வும்கூட. ஆங்கிலத்தை நுனிநாக்கில் பேசுகிறவருக்கு அது சலுகை தராது. கணக்கு உட்கார வேண்டும், அவ்வளவுதான். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

குறை தொடங்குவது அந்தக் கணக்குக்குள் இருக்கும் எண்களில். கையேடுகளில் பெரும்பாலானவை அமெரிக்கச் சந்தைக்காக, அங்கே வட்டி மலிவாக இருந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவை. ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் நிகர வாடகை தரும் அலுவலகக் கட்டடம். 8 சதவீத கேப் ரேட்டில் அதன் விலை 125 கோடி. அதில் 75 கோடி கடன், 50 கோடி நம் பணம். வட்டி 6 சதவீதம் என்றால் 4.5 கோடி போக 5.5 கோடி மிஞ்சும். போட்ட 50 கோடிக்கு 11 சதவீதம். கடன் வாங்கினால் வருமானம் கூடும் என்று கையேடு சொல்வது இதைத்தான். இந்தியாவில் வாடகையை அடமானமாக வைத்து வாங்கும் கடனின் வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.75 கோடி வட்டிக்கே போய்விடும். மிஞ்சுவது 3.25 கோடி, அதாவது 6.5 சதவீதம். கடனே வாங்காமல் இருந்தால் கிடைக்கும் 8 சதவீதத்தைவிடக் குறைவு.

அப்படியானால் இங்கே லாபம் எங்கிருந்து வருகிறது? வாடகை உயர்விலிருந்தும் விற்கும் விலையிலிருந்தும். நம் ஊர் அலுவலக ஒப்பந்தங்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு என்பது பரவலான வழக்கம். ஆறு ஆண்டு முடிவில் அந்த 10 கோடி சுமார் 13.2 கோடியாகும். அதே 8 சதவீதத்தில் விற்றால் 165 கோடி கிடைக்கும். வாங்குகிறவர் 9 சதவீதம் கேட்டால் 147 கோடிதான். ஒரே ஒரு சதவீதத்தில் 18 கோடி காணாமல் போகிறது. அந்த உயர்வை வாடகைதாரர் தாங்குவாரா, மூன்று ஆண்டுக் கட்டாயக் காலம் முடிந்ததும் காலி செய்துவிட்டுப் போவாரா, பக்கத்தில் இன்னும் எத்தனை கட்டடம் எழும்புகிறது என்ற கேள்விகளில்தான் முழு முதலீடும் நிற்கிறது. மாதிரியில் எண்ணை மாற்றப் பழகிய மாணவர் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் திகைத்து நிற்கிறார். பச்சை மண்ணின் மேல் பூசிய மெருகு சூளை வரைக்கும்தான்.

இன்னொரு பெரிய விடுபாடு கடன் பற்றியது. நிலம் வாங்குவதற்கென்று தனியார் கட்டுமான நிறுவனங்களுக்கு வங்கிகள் கடன் தர ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருவதில்லை. அந்த இடத்தை நிரப்பியவை வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் இதுபோன்ற நிதியங்களும். அதனால் இந்தியாவில் இத்துறையின் கணிசமான பணம் பங்காகப் போகாமல், உயர்ந்த வட்டிக் கடனாகவே கட்டுமான நிறுவனங்களுக்குப் போகிறது. 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் தடுமாறியபோது பணவரத்து வற்றி, பாதியில் நின்ற குடியிருப்புகளை முடிக்க 2019இல் 25,000 கோடி ரூபாய் இலக்குடன் ஸ்வாமி நிதியை மத்திய அரசு தொடங்க வேண்டியதாயிற்று. இந்தக் கதை தெரியாமல் இந்தியச் சந்தையைப் பற்றி நேர்காணலில் பேசுவது வீண்.

இனி நிலத்துக்கு வருகிறேன். இங்கேதான் கம்மாபுரத்துப் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி முறை பெரிய அநியாயம் செய்கிறது. நிலத்துக்கு எப்படி விலை வைப்பீர்கள் என்று கேட்டால், அக்கம்பக்கத்தில் நடந்த விற்பனைகளை ஒப்பிட்டு என்பது கையேட்டுப் பதில். நம் 2013ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டமும் ஏறத்தாழ இதையே செய்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரயப் பத்திரங்களை எடுத்து, அவற்றில் விலை கூடிய பாதியின் சராசரியைப் பார்க்கச் சொல்கிறது. அத்தோடு வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதைக் கொள்ளச் சொல்கிறது. கிராமப்புறமானால் ஒன்று முதல் இரண்டு வரையிலான ஒரு மடங்கால் அதைப் பெருக்கி, மேலே நூறு சதவீதம் ஆறுதல் தொகை சேர்க்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்திரங்களில் எழுதிய விலை உண்மை விலையா? முத்திரைத் தீர்வையைக் குறைக்க வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரம் எழுதி, மீதியைக் கையில் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். குறைத்து எழுதிய பத்திரங்களின் சராசரி குறைந்த விலையைத்தானே காட்டும்? கைமாறிய தொகையையும் பத்திரத்தில் ஏறிய தொகையையும் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைக்கு, ஒப்பீட்டு முறையின் ஓட்டை எங்கே என்று எந்தக் கையேடும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்தின் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெல்லின் மேல் மண் தோண்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது என்றது சுரங்க நிர்வாகம். இழப்பீடு போதாது என்றார்கள் விவசாயிகள். வாங்கிய தேதியும் கைக்கு எடுக்கும் தேதியும் வேறாக இருந்தால் நடுவில் ஏறிய விலை யாருக்கு என்ற கேள்வி அதில் இருக்கிறது. எந்த முதலீட்டுக் குழுவையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் கேள்வி அது.

விலையைப் போலவே நில உரிமையையும் பாருங்கள். பட்டா ஒருவர் பெயரில், அனுபவம் இன்னொருவரிடம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தும் தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசு கையெழுத்துப் போடவில்லை. வரைபடத்தில் பாதி வாய்க்கால் புறம்போக்கு. எத்தனையோ முதலீடுகள் உடைவது இப்படித்தான். எக்செலில் இதற்குக் கட்டம் கிடையாது.

ஊர் அறிவு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் இன்னொரு துரோகம். அந்த அறிவு அனுபவமாகவே தங்கிவிட்டால் அது வெறும் வருத்தப் பேச்சு. பத்திர விலை சந்தை விலையில் எத்தனை பங்கு, ஒரு வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும், அந்தத் தாமதம் ஐ.ஆர்.ஆரை எவ்வளவு தின்னும் என்று எண்ணாக மாற்றிச் சொல்லத் தெரிந்தால்தான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் காது திறக்கும். அந்த எண்ணைப் போடக் கற்றுத் தருவது இதே கையேட்டுப் பயிற்சிதான். ஆகவே பயிற்சி முறையைத் தூக்கி எறிய வேண்டாம்; அதற்குள் போடும் பொருளை மாற்ற வேண்டும்.

நல்ல பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2019இல் பட்டியலான எம்பசி தொடங்கி, மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, 2023இல் வந்த நெக்ஸஸ் வரை வாடகைக் கட்டடங்களை வைத்திருந்து பங்குச் சந்தையில் பட்டியலாகும், ரீட் எனப்படும் முதலீட்டு அறக்கட்டளைகள், செபி விதிப்படி சுயேச்சை மதிப்பீட்டாளரின் அறிக்கையை வெளியிட்டாக வேண்டும். வடபழனி விஜயா மால் நெக்ஸஸின் சொத்து. அங்கே கடைகளுக்கு என்ன வாடகை, எவ்வளவு காலி, எந்த கேப் ரேட்டில் விலை வைத்தார்கள் என்பதையெல்லாம் அறிக்கையைத் திறந்து படித்துவிட்டு, நேரில் போய் மாடி மாடியாக நடந்து சரிபார்க்கலாம். முகம் தெரியாத நியூயார்க் கோபுரத்தைவிட இந்தப் பயிற்சி எவ்வளவோ மேல். நேர்காணலில் பிடித்த ஒரு முதலீட்டைச் சொல்லுங்கள் என்று கேட்டால், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவரின் பதிலில் தெம்பு இருக்கும்.

இதில் அரசுக்கும் கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் எத்தனையோ திறன் பயிற்சிகள் தரப்படுகின்றன. நிலப் பதிவேடுகளைப் படிப்பதும் சொத்து மதிப்பீடும் சேர்ந்த ஒரு பாடத்தை விருத்தாசலம் போன்ற ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் தொடங்கினால், நிதியங்கள் மட்டுமல்ல, வங்கிகளும் மதிப்பீட்டு நிறுவனங்களும் அந்தப் பிள்ளைகளைத் தேடி வரும்.

நேர்காணலுக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கையேட்டை முடியுங்கள், எக்செலில் கை வேகமாக ஓடட்டும். கூடவே ஒரு ரீட் மதிப்பீட்டு அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படியுங்கள். பிறகு வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாய்ப்பத்திரத்தை எடுத்து, அப்பாவையோ தாத்தாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேளுங்கள். அங்கே கேட்டதை நேர்காணலில் தயங்காமல் சொல்லுங்கள்.